ஒன்பதாம் எண் வீட்டுச் சாவி

ரோலா, ஷார்ஜா
14 ஜூன் 2025, சனிக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் என் கையெழுத்தை மன்னித்துவிடு. ஒரு எழுத்து பூசணிக்காய் அளவு இருக்கும், அடுத்தது எறும்பு அளவு இருக்கும். கோடு போட்ட தாள்தான், இருந்தாலும் வரி மேலே ஏறிப் போய்விடுகிறது. இங்கே தொழில்பேட்டையில் முப்பத்தாறு வருடம் டிங்கர் வேலை செய்த கை இது. காரில் விழுந்த ஒடுக்கை எடுத்து நேராக்கும். வரியை நேராக்க இப்போதுதான் பழகுகிறது.

இதை எழுதுவது நான்தான் அக்கா. உன் தம்பி நாகலிங்கம். மகன் விமல் எழுதவில்லை, மருமகள் உமாராணியும் எழுதவில்லை. நம்பிக்கை வராவிட்டால் அவர்களைக் கேள். உனக்குக் காது கேட்காமல் போன பிறகு போனில் நான் கத்துவதும் நீ "ஆங், ஆங்" என்பதும் எனக்கு அலுத்துவிட்டது. அதனால்தான் இது.

எப்படிக் கற்றேன் என்று கேட்பாய். எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் அஃபீஃபா என்று ஒரு பெண், கீழக்கரைக்காரர். இங்கே பிறந்த நம் பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியவில்லை என்று சனிக்கிழமை காலையில் தன் வீட்டு ஹாலில் வகுப்பு நடத்துகிறார். பேத்தி தன்யாவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு நான் வராந்தாவில் நிற்பேன். ஒருநாள், "வெயில்ல ஏன் மாமா நிக்கிறீங்க, உள்ள ஏசி போட்டிருக்கு, வந்து உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். மூன்றாம் வாரம் எனக்கும் ஒரு நோட்டு கொடுத்துவிட்டார். எட்டு வயதுப் பிள்ளைகள் ஒன்பது பேர், எழுபத்து மூன்று வயதுப் பிள்ளை ஒன்று. முதலில் தன்யா எனக்கு முன்னால் ஓடினாள். இப்போது நான் அவளைத் தாண்டிவிட்டேன். அவளுக்குக் கொஞ்சம் கோபம்.

போன வாரம் ரோலாவில் ஒரு மெஸ் வாசலில் நின்று "மதியம் அளவில்லாச் சாப்பாடு" என்று போர்டைப் படித்தேன். மூன்று தடவை படித்தேன். உள்ளே இருந்தவர், "என்ன பெரியவரே, சாப்பிட வரலையா?" என்றார். "இல்லப்பா, படிச்சிட்டேன்" என்றேன். இத்தனை வருடமாக யாராவது ஒரு தாளை நீட்டினால் "கண்ணாடியை ரூமில் வைத்துவிட்டேன்" என்று சொல்லியே தப்பித்தவன் நான். எனக்குக் கண்ணாடி வந்ததே ஐம்பத்திரண்டு வயதில்தான். இருபத்தேழு வயதிலிருந்து அதை மறந்துகொண்டிருந்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ ராயபுரம் வீட்டைக் காலி செய்துவிட்டு மகள் வீட்டுக்குப் போகப்போவதாக விமல் சொன்னான். தாத்தாவின் நோட்டைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதே. அதை நான் படிக்க வேண்டும். நீ படித்துக் காட்டிக் கேட்டிருக்கிறேன். என் கண்ணால் படித்ததில்லை.

விமலிடம் தாத்தா ஏ.ஆர்.பி. வார்டன் என்றேன். "அது என்னப்பா, பார்க்கிங் வார்டனா?" என்றான். சிரித்துவிட்டேன். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து வெள்ளைக்காரன் மதராசைத் தயார்செய்தபோது, தெருவுக்கு ஒருவரை வைத்தான், அவர் கையில் ஒரு விசிலும் தலையில் ஒரு இரும்புத் தொப்பியும் கொடுத்தான், அந்தத் தெருவில் யார் உயிருக்கும் அவர்தான் பொறுப்பு என்று சொன்னேன். "சம்பளம் எவ்வளவு?" என்றான். அதுதான் எனக்கும் தெரியவில்லை.

கலீலுர் ரஹ்மான் பாய் லீவில் மண்ணடிக்கு வருகிறார். இதை அவர் கையில் கொடுக்கிறேன். நோட்டை ஜெராக்ஸ் எடுத்து அவரிடமே கொடுத்தனுப்பு.

உன் தம்பி
நாகலிங்கம்


ராயபுரம், சென்னை
29 ஜூன் 2025

தம்பி நாகுவுக்கு,

உன் கடிதத்தில் பதினேழு பிழை. சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பலாம் என்று பேனாவை எடுத்தேன். பிறகு மூடி வைத்துவிட்டேன். நீ போட்ட பூசணிக்காய்கள் அப்படியே இருக்கட்டும்.

கலீலுர் ரஹ்மான் வந்து கடிதத்தை நீட்டியபோது அவர் எழுதியது என்று நினைத்தேன். "உங்க தம்பி எழுதினது" என்று என் முகத்துக்கு நேராக வாயசைத்துச் சொன்னார். நான் மூன்று முறை கேட்டேன். காது கேட்காததால் இல்லை.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்து நான்கு வருடம் கேட்டே பிழைத்தவளுக்குக் காது போனது. பள்ளிக்கூடம் என்றாலே ஓடிப்போய் வண்டிக்கு அடியில் ஒளிந்தவனுக்கு எழுத்து வந்தது. என்ன கணக்கோ.

நோட்டை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பியிருக்கிறேன். ஜெராக்ஸ் கடைப் பெண், "பாட்டி, பென்சில் எழுத்து, மங்கலாதான் வரும்" என்றாள். எழுத்தும் பழைய எழுத்து. ணை, லை எல்லாம் யானைத் தும்பிக்கை போலச் சுழித்துக்கொண்டு நிற்கும். பயப்படாதே, பழகிவிடும். ஓரிரு பக்கம் பூச்சி அரித்துப் போய்விட்டது. இருப்பதைப் படி.

தாத்தாவுக்குச் சம்பளம் கிடையாது. துறைமுகத்தில் எடை போடும் குமாஸ்தா வேலையை முடித்துவிட்டு வந்து, சும்மா செய்தார். விமலிடம் சொல்.

ஆகஸ்ட் நடுவில் வீடு மாறுகிறேன். இருபத்தெட்டு அட்டைப்பெட்டி. பாதி உனக்கு வேண்டாதவை, மீதி எனக்கு வேண்டாதவை.

உன் அக்கா
சீதாலட்சுமி


ரோலா, ஷார்ஜா
19 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு நாளைக்கு ஒரு பக்கம் வீதம் படிக்கிறேன். சில நாள் அரைப் பக்கம்தான். விரலை வைத்துக்கொண்டு போனால் தும்பிக்கை எழுத்தும் பழகிவிடுகிறது. எப்பேர்ப்பட்ட மனிதர் அக்கா! நீ படித்துக் காட்டியபோது எனக்கு விளையாட்டு மாதிரி இருந்தது, விசில், இரும்புத் தொப்பி என்று. இப்போதுதான் அவர் என்ன வேலை செய்திருக்கிறார் என்று புரிகிறது.

அவர் எழுதியதைப் பார்த்து எழுதுகிறேன், பிழை இருந்தால் என்னுடையது.

"4ஆம் எண். ஆள் ஆறு. எல்லாரும் கூடத்தில் தூக்கம். வாளி மணல் வாசலுக்கு இடப்பக்கம்."

"7ஆம் எண். காது கேளாத அம்மாள் ஒருவர், தனியே. சங்கு ஊதினால் தெரியாது. நானே போய்த் தோளைத் தொட்டு எழுப்ப வேண்டும். தொடுவேன் என்று முன்னமே சொல்லி வைத்தேன், திடுக்கிடக் கூடாது."

முன்னமே சொல்லி வைத்தாராம். அந்த இடத்தில் நோட்டை மூடிவிட்டு உன்னை நினைத்துக்கொண்டேன். நீ அந்தத் தெருவில் இருந்திருந்தால் உனக்கும் சொல்லி வைத்திருப்பார்.

இன்னொரு இடம். இதை உமாராணிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

"லண்டனில் அச்சான புத்தகத்தை வைத்துப் பாடம் சொன்னார்கள். குண்டு விழும்போது வீட்டின் நிலவறைக்குப் போக வேண்டும் என்று இருக்கிறது. எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் நிலவறை கிடையாது என்றேன். துரை சிரித்தார். சரி, கட்டிலுக்கு அடியில் படுக்கச் சொல் என்றார். கட்டில் நான்கு வீட்டில்தான் உண்டு என்றேன். உட்காரச் சொன்னார்."

உட்காரச் சொன்னார்களே தவிர தாத்தா உட்காரவில்லை. மறுநாளே தெருவில் எல்லா வீட்டுச் சுவரையும் முழம் போட்டு அளந்திருக்கிறார். எந்தச் சுவர் தாங்கும், எது தாங்காது என்று வரிசையாக எழுதியிருக்கிறார். அதிலே கனமான சுவர் ஒன்பதாம் எண் வீடு, ஒன்றரை முழம். பின்பக்கக் குப்பத்தில் ஓலைக் குடிசைகள், சுவரே இல்லை. அங்கே பதுங்குகுழி வெட்டினால் கடல் தண்ணீர் ஊறி நிறைகிறது என்று எழுதியிருக்கிறார்.

பிறகு 1942 ஏப்ரல் மாதம். ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடுகிறது. ரயில் கூரையிலும் ஆள் உட்கார்ந்து போகிறார்கள். போகிற ஒவ்வொருவரும் வீட்டுச் சாவியைத் தாத்தாவிடம் கொடுக்கிறார்கள். இருபத்தாறு சாவி. ஒவ்வொன்றிலும் துணித்துண்டு கட்டி எண் போட்டு வளையத்தில் கோத்திருக்கிறார். "துளசிக்குத் தண்ணீர் விடவும்", "கிளியைத் திறந்து விட்டுவிடவும், பாவம்" என்று யார் என்ன சொல்லிப் போனார்கள் என்பதையும் எழுதியிருக்கிறார்.

நானும் இங்கே சாவிக்காரன்தான் அக்கா. ஸ்கூல் லீவு விட்டதும் குடும்பங்கள் ஊருக்குப் போய்விடும். போகாத வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். இந்த வருடம் என்னிடம் நான்கு வீட்டுச் சாவி இருக்கிறது. ஒரு வீட்டில் மீன்தொட்டி, ஒரு வீட்டில் கறிவேப்பிலைச் செடி. எதிர் வீட்டு ஸ்ரீகாந்த், சுசீலா கோயம்புத்தூர் போயிருக்கிறார்கள். ஸ்ரீகாந்த்தான் ஜெபல் அலியில் விமலுக்கு மேலதிகாரி, தினமும் தன் காரிலேயே விமலைக் கூட்டிப் போய்க் கொண்டுவந்து விடுகிறவர். அவர் சாவியைத் தனியாக ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். தாத்தா ஒவ்வொரு பக்கத்திலும் எண் போட்டிருக்கிறார். 24க்குப் பிறகு 27 வருகிறது. ஒரு தாள் இல்லை. பூச்சி அரித்தது என்றாய். மற்ற எந்தப் பக்கத்திலும் ஒரு ஓட்டை கூட இல்லையே. 24இல் இருபத்தாறு சாவியோடு நிற்கிறார். 27இல் "தொப்பி, விசில் திருப்பிக் கொடுத்தாயிற்று" என்று இருக்கிறது. நடுவில் என்ன ஆயிற்று? சிறு வயதில் படித்துக் காட்டியபோதும் இப்படித்தான் தாண்டினாயா?

நாகலிங்கம்


ராயபுரம்
30 ஜூலை 2025

நாகு,

எண் படிக்கத் தெரிந்துவிட்டது என்றால் எல்லாவற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டுமா?

ஆம், தாண்டினேன். அப்பா தாண்டச் சொன்னார். நீ படிக்கிற பக்கங்களில் தாத்தா நல்லவராகத்தான் இருக்கிறார், அதோடு சந்தோஷமாக இரு. அந்தத் தாளால் இந்தத் தெருவில் நடக்க முடியாமல் போனது எனக்குத்தான், உனக்கு இல்லை. நீ ஒர்க்‌ஷாப், ஷார்ஜா என்று போய்விட்டாய்.

பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். மறுபடி இதைக் கேட்டு எழுதாதே.

சீதாலட்சுமி


ரோலா, ஷார்ஜா
9 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கேட்கவில்லை. அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். இது வேறு விஷயம். எனக்கு ஒரு யோசனை சொல்ல வேண்டும், உன்னைத் தவிர யாரிடமும் கேட்க முடியாது. கூரியரில் அனுப்புகிறேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் பக்கத்துப் பழைய கட்டடத்தில் மின்சாரப் பெட்டி எரிந்துவிட்டது. தீ பரவவில்லை, ஆனால் கரண்ட் கிடையாது, மறுநாள்தான் வரும் என்றார்கள். வெளியே நாற்பத்தெட்டு டிகிரி. ஏசி இல்லாத அறை அடுப்பு மாதிரி. எல்லாரும் கீழே இறங்கிவிட்டார்கள். பள்ளிவாசல் நிறைந்துவிட்டது. மீதிப்பேர் கார்களின் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். நான் தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டு போனேன்.

அங்கே ஜன்னத்துல் ஃபிர்தௌஸ் என்ற பங்களாதேஷ் பெண், தையல்காரர் மனைவி, பத்தொன்பது நாள் குழந்தையோடு சுவரில் சாய்ந்திருந்தாள். குழந்தை அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "சாச்சா, பச்சா தூத் நஹீ பீ ரஹா" என்றாள். பால் குடிக்கவில்லையாம். பக்கத்தில் அரியலூர்ப் பையன்கள், அருள்முருகனும் அவன் அறைக்காரர்களும், குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு ஒரே அறையில் கூட்டமாகத் தங்கும் பேச்சுலர்கள். நைட் டியூட்டி முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள், லுங்கியோடு இறங்கியிருந்தார்கள். ஒருவன் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான்.

எங்கள் கட்டடத்தில் கரண்ட் இருந்தது, எல்லாரையும் மேலே வரச் சொன்னேன். எங்கள் வீடு ஒரு ஹால், ஒரு அறை. உமாராணி லீவு போட்டு வீட்டில் இருந்தாள், அவளே ஏற்கெனவே ஐந்து பெண்களைக் கூட்டி வந்து உட்கார வைத்திருந்தாள். நிற்க இடம் இல்லை. ஸ்ரீகாந்துக்கு மூன்று தடவை போன் அடித்தேன், எடுக்கவில்லை. பிறகு ஆணியிலிருந்து சாவியை எடுத்து எதிர் வீட்டைத் திறந்தேன்.

பதினொரு பேர். ஹாலில் மட்டும். படுக்கையறைக் கதவைச் சாத்தி அதன் முன்னால் நானே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். அரை மணி நேரத்தில் குழந்தை அழுதது அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். அழுததற்கு யாரும் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. மறுநாள் மதியம் கரண்ட் வந்ததும் போய்விட்டார்கள். போகும்முன் அருள்முருகனும் பையன்களும் தரையைத் துடைத்து, குடித்த டம்ளரைக் கழுவி, சோபா உறையைக் கூடத் துவைத்துப் போட்டார்கள். "ஐயா, நாங்க வந்த தடமே தெரியக்கூடாது" என்றான்.

தெரியவும் இல்லை. அதுதான் இப்போது பிரச்சினை.

ஸ்ரீகாந்த் குடும்பம் 24ஆம் தேதி வருகிறது. நான் சொல்லிவிடப் போகிறேன் என்றதும் உமாராணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "மாமா, நீங்க செஞ்சது தப்புன்னு நான் சொல்லல. குழந்தைக்காக நானும்தான் சந்தோஷப்பட்டேன். ஆனா ஸ்ரீகாந்த் சார் எப்படின்னு உங்களுக்குத் தெரியாது. பேச்சுலர்ஸ வீட்டுக்குள்ள உட்டாங்கன்னு தெரிஞ்சா சுசீலா அந்த சோபாவையே தூக்கிப் போட்ருவாங்க. விமல் வேலை அவர் கையில இருக்கு. நீங்க சொல்லலன்னா யாருக்குமே தெரியாது. ஏன் மாமா சொல்லணும்?"

அவள் சொல்வது நியாயம். போனில் சொல்லிவிடலாமா என்று விமலைக் கேட்டேன். "வேணாம்பா, விட்ருங்க" என்றான். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சாவியைப் பார்க்கும்போதெல்லாம் அது என்னைப் பார்க்கிறது. நீ படித்தவள். உன் யோசனைப்படி நடக்கிறேன். சொல்லவா, வேண்டாமா?

உன் தம்பி
நாகலிங்கம்


சென்னை, மகள் வீடு
17 ஆகஸ்ட் 2025

தம்பி நாகுவுக்கு,

உன் கடிதம் வந்தபோது வீடு மாறும் லாரி வாசலில் நின்றுகொண்டிருந்தது. படித்துவிட்டு அப்படியே அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். மகள் ஓடி வந்து, "என்னம்மா, யாருக்கு என்ன?" என்று கேட்டாள். "உன் மாமாவுக்கு ஒன்றுமில்லை, பைத்தியம் பிடித்திருக்கிறது" என்றேன்.

நாகு, நீ கேட்ட தாள் இது. ஜெராக்ஸ் இல்லை. அசலையே அனுப்புகிறேன். பன்னிரண்டு வயதில் நோட்டிலிருந்து கழற்றி என் பெட்டியின் அடியில் வைத்தது. உன் கண்ணுக்குச் சிரமமாக இருக்கும் என்று முன்பக்கத்தை இங்கே எழுதுகிறேன்.

"குப்பத்தில் வெட்டிய குழி இன்று இரண்டாம் தடவை இடிந்தது. மண் நிற்காது. ஒன்பதாம் எண் வீட்டைத் திறந்தேன். குப்பத்து ஜனம் முப்பத்தெட்டுப் பேர். கூடமும் தாழ்வாரமும் மட்டும். பூஜை அறையைப் பூட்டினேன். வீட்டுக்காரரைக் கேட்கவில்லை, எந்த ஊருக்குப் போனார் என்று தெரியாது. பெயர்கள் மறுபக்கம். அவர் திரும்பி வந்ததும் நானே சொல்ல வேண்டும்."

பதினொரு நாள் அந்த வீட்டில் வைத்திருந்தார். குண்டு விழவில்லை. ஜனங்கள் குடிசைக்குத் திரும்பினார்கள். தாத்தா வீட்டை அலம்பிவிட்டு, கோலம் கூடப் போடச் செய்து, பூட்டினார். இரண்டு மாதம் கழித்து வீட்டுக்காரர் வந்தார். ஒரு துரும்பு இடம் மாறவில்லை. ஒருவருக்கும் தெரிந்திருக்காது. தாத்தா தானே போய், வார்டன் ரிப்போர்ட் கொடுப்பது போல, எத்தனை பேர், எத்தனை நாள், யார் யார் என்று சொன்னார்.

யார் யார் என்பதுதான் அவர்களுக்கு முக்கியமாகப் போயிற்று. மூன்று நாள் வீட்டைக் கழுவினார்களாம். புகார் எழுதினார்கள். தொப்பியும் விசிலும் போனது. தெரு அவருக்குப் "பூட்டு உடைத்தவன்" என்று பெயர் வைத்தது. அவர் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. பெயர் மட்டும் மூன்று தலைமுறைக்கு நின்றது. பள்ளிக்கூடத்தில் நான் "பூட்டுடைச்சான் பேத்தி". யாருடைய பென்சில் காணாமல் போனாலும் என் பையைத்தான் முதலில் பார்ப்பார்கள். அறுபத்தெட்டில் எனக்கு வந்த சம்பந்தம் எதனால் முறிந்தது என்று உனக்குச் சொன்னதில்லை. மாப்பிள்ளையின் அத்தை அந்த ஒன்பதாம் எண் வீட்டுக்கு மருமகளாக வந்தவள். பந்தல் போட்ட பிறகு வேண்டாம் என்றார்கள். எனக்குக் கல்யாணம் ஆகும்போது வயது முப்பத்தொன்று.

வீட்டைத் திறந்ததற்காக நான் தாத்தாவைக் கோபித்ததில்லை. அதைச் சொன்னாரே, அதற்குத்தான் கோபம். இத்தனை வருடமாக அந்த ஒரு கேள்விதான். எதற்காகச் சொன்னீர்கள்? அலம்பிப் பூட்டியாயிற்றே, எதற்காக?

அதனால் என் யோசனை: சொல்லாதே. உன் மருமகள் புத்திசாலி, அவள் பேச்சைக் கேள். விமலை நினை, தன்யாவை நினை. அப்பா உனக்கு ஏன் அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்ட வேண்டாம் என்றார் தெரியுமா? "இந்தப் பயல் தாத்தா மாதிரியே இருக்கிறான், படித்தால் அப்படியே செய்வான்" என்றார். படிக்காமலே செய்துவிட்டாய்.

இந்தத் தாளைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடு. என்னால் முடியவில்லை.

அக்கா


ரோலா, ஷார்ஜா
30 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன். திட்டாதே, முழுவதும் படித்துவிட்டுத் திட்டு.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். குளித்துச் சாப்பிடட்டும் என்று மாலை வரை பொறுத்தேன். சாவியோடு போனேன். சுசீலா முறுக்குப் பொட்டலம் ஒன்றை எடுத்துக் கொடுத்து, "செடி நல்லா வளந்திருக்குங்க மாமா" என்றார். பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். எந்த நாள், எத்தனை மணிக்கு, எத்தனை பேர், யார் யார். பதினொரு பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

ஸ்ரீகாந்த் தாளை வாங்கிப் படித்தார். "பேச்சுலர் பசங்களையா மாமா? எங்க வீட்லயா?" என்றார். ஆமாம் என்றேன்.

"நகையெல்லாம் உள்ளதான இருக்குதுங்க" என்றார் சுசீலா. படுக்கையறை வாசலில் நான் உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன். அவர் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"எல்லாம் சரி மாமா. நீங்க சொல்லாம இருந்திருந்தா நாங்க கண்டுபுடிச்சிருக்கவே மாட்டோமே?" என்றார் ஸ்ரீகாந்த்.

"அதனாலதான் தம்பி சொல்றேன்."

சுசீலா கையை நீட்டி, "சாவியக் குடுத்துருங்க மாமா" என்றார். கொடுத்தேன். முறுக்கை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். வாங்கிக்கொண்டு வருவது முறையாகத் தோன்றவில்லை.

விமல் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மறுநாள் ஸ்ரீகாந்த் கார் விமலை ஏற்றாமல் போய்விட்டது. இப்போது விமல் நாலரை மணிக்கு எழுந்து இரண்டு பஸ் மாறிப் போகிறான். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுப்பா, கார்ல அவரு ஆபீஸ் பேச்சாத்தான் பேசுவாரு. பஸ்ல தூங்கிக்கிறேன்" என்றான். கண்ணெல்லாம் சிவந்து போய்தான் இருக்கிறது. உமாராணி மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவாள். உன் யோசனையை மீறியது தப்புதானோ என்று எனக்கும் ஆட்டம் கண்டுவிட்டது.

நேற்று அவளும் நானும் லிஃப்டில் ஏறினோம். உள்ளே ஆறாம் மாடி கௌரிசங்கர், திருச்சிக்குப் போய்விட்டு முந்தின நாள் திரும்பியவர். அவர் வீட்டுச் சாவியும் என்னிடம்தான். என்னை விட்டுவிட்டு உமாராணியைப் பார்த்து, "என்ன மேடம், உங்க மாமனார் ஸ்ரீகாந்த் வீட்டுக்குள்ள ஆளுங்கள உட்டுட்டாராமே?" என்றார்.

நான் தரையைப் பார்த்தேன். உமாராணி, "ஆமா சார், உட்டாரு. ஒரு கைக்கொழந்தைய காப்பாத்துனாரு. அப்புறம் அவரே போயி சொல்லவும் செஞ்சாரு. இவரு தாத்தா காலத்துலேருந்து இந்த வீட்ல அப்படித்தான். உங்க சாவியும் இவர்கிட்டதான் இருக்கு. பயமா இருந்தா இப்பவே வாங்கிக்குங்க" என்றாள்.

அக்கா, அவளுக்கு நான் அந்தத் தாளைப் படித்துக் காட்டவில்லை. அலமாரியில் வைத்திருந்ததை அவளாகவே எடுத்துப் படித்திருக்கிறாள்.

கௌரிசங்கர் ஆறாம் எண் பொத்தானை மறுபடி அழுத்தினார். பிறகு, "இருக்கட்டும். டிசம்பர்ல மறுபடி போறோம்" என்றார்.

உன் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. தாத்தா எதற்காகச் சொன்னார் என்று அவரைத்தான் கேட்க வேண்டும். என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். சொல்வதற்கு முன் பத்தொன்பது நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. சொன்ன அன்று இரண்டு தட்டு சாப்பிட்டேன். ஆனால் நான் இழந்தது ஒரு முறுக்குப் பொட்டலமும் விமலுக்கு ஒரு காரும்தான். நீ இழந்தது பந்தல் போட்ட கல்யாணம். அது எதனால் என்று நான் இத்தனை நாள் தெரிந்துகொள்ளாமல் இருந்தேன். அந்தத் தெருவில் உனக்குப் பக்கத்தில் நடக்காமல், முதலில் ஒர்க்‌ஷாப்பிலும் பிறகு ஷார்ஜாவிலும் கார் தட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு என்னை மன்னித்துவிடு.

தாளைக் கிழிக்கச் சொன்னாய். உன் பேச்சை இரண்டாவது முறையும் மீறுகிறேன். மறுபக்கத்தில் இருக்கும் பெயர்களை நீ எழுதி அனுப்பவில்லை. நான் படித்தேன். முப்பத்தெட்டுப் பேரில் யாரையும் "இன்னாருடைய ஆட்கள்" என்று மொத்தமாக எழுதவில்லை அக்கா. ஒவ்வொருவருக்கும் தனி வரி. சின்னக் குழந்தைக்கும் தனி வரி. அந்த ஜனங்களின் பெயரை அந்த நாளில் வேறு யாராவது காகிதத்தில் எழுதியிருப்பார்களா என்று தெரியவில்லை. பென்சில் அழிந்துகொண்டு வருகிறது. அதனால் பேனாவால் பார்த்து எழுதுகிறேன். ஒன்று எனக்கு, ஒன்று உனக்கு. அஃபீஃபா பார்த்துவிட்டு இதைவிட நல்ல வீட்டுப்பாடம் கிடையாது என்றார்.

முதல் பத்துப் பெயர் இந்தக் கடிதத்தின் பின்னால் இருக்கிறது. பூசணிக்காய் எழுத்து இல்லை, பார். ஒவ்வொரு பெயரையும் மூன்று தடவை வேறு தாளில் எழுதிப் பழகிவிட்டுத்தான் இதில் எழுதினேன். பத்து எழுதுவதற்குள் விரல் மரத்துப் போயிற்று. பதினொன்றாவது ஆள் ஒரு கிழவர் என்று நினைக்கிறேன், பெயரில் நடு எழுத்து தெரியவில்லை. ரோலாவில் ஒரு பூதக்கண்ணாடி வாங்கியிருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிந்து வந்ததும் முதலில் அவரைக் கண்டுபிடித்து உனக்கு எழுதுகிறேன்.

உன் தம்பி
நாகலிங்கம்